மலைநீரும் கடற்கருவியும்

மலைநாட்டாருக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். நம்முள் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்களிலிருந்து வந்தவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். எங்கள் ஊர்களிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆயினும் எங்கள் நீர் கடலுக்கே போகிறது. ஆனைமலைப் பக்கம் பிறக்கும் பாரதப்புழை பாலக்காட்டைக் கடந்து பொன்னானியில் கடலைச் சேர்கிறது. பெரியாறு இடுக்கி மலைகளை விட்டிறங்கி, மொத்தம் 244 கிலோமீட்டர் ஓடி, ஆலுவாயில் இரண்டாகப் பிரிந்து, கொடுங்கல்லூர், கொச்சிப் பக்கங்களில் உப்புநீரோடு கலக்கிறது. வழியில் நாம் ஆற்றிலே விட்டதையெல்லாம் அது சுமந்து செல்கிறது.

அந்தக் கரையோரக் கடலின் நலத்தை அறிவது எப்படி? படகில் சென்று, புட்டியில் நீர் மொண்டு, ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது பழைய முறை. நம் நாட்டில் 1990களின் தொடக்கத்திலிருந்து மத்திய அரசின் திட்டமொன்று இவ்வாறு கடற்கரை நெடுகிலும் நீரைச் சோதித்து வந்திருக்கிறது. இது நல்ல முறைதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே எடுத்துக்கொள்வோம். பாசி மிகுந்த நீரில் அது பகலில் பெருகும். இரவில் பாசியும் மீனும் பிற உயிர்களும் அதைச் சுவாசித்துத் தீர்க்க, விடியற்காலையில் மிகவும் குறைந்துவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்கமாட்டா. காலை பத்து மணிக்குப் போகும் படகுக்கு இந்தச் செய்தி எட்டுமா?

ஆகவே கடலிலேயே குடியிருந்து, இரவும் பகலும் அளக்கும் கருவி தேவையாயிற்று. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இந்தப் பத்தாண்டில் கொச்சிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் அப்பால் இத்தகைய மிதவைகளை நிறுவியது. மிதவையில் சென்சார் எனப்படும் உணர்கருவிகள் பல பூட்டப்பட்டிருக்கும். அவை அளந்ததை மிதவை கரைக்கு அனுப்பும்.

இவை வேலை செய்யும் விதம் எளிது. உப்புநீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். அந்த அளவிலிருந்து உப்பைக் கணக்கிடலாம். ஒருவகைச் சாயத்தின்மேல் ஒளி பட்டால் அது மினுங்கும். பிராணவாயு அந்த மினுக்கத்தைத் தணிக்கும். எவ்வளவு தணிந்தது என்பதே அளவு. ஒளி நீரில் சிதறுவதைக் கொண்டு கலங்கலையும், பச்சையம் ஒளிர்வதைக் கொண்டு பாசியையும் அறியலாம்.

பல அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பதில்தான் பெரும்பயன். தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையில் ஆழ்கடல் நீர் மேலெழும். அதில் இயல்பாகவே பிராணவாயு குறைவு. ஆனால் அந்நீர் குளிர்ந்தும் உப்பு மிகுந்தும் இருக்கும். ஆற்றுநீரோ உப்புக் குறைந்தது. ஆகவே பிராணவாயு குறையும்போது உப்பும் வெப்பமும் எப்படி மாறின என்று பார்த்தால், குறை கடலிலிருந்து வந்ததா, ஆற்றிலிருந்து வந்ததா என்பதற்குத் துப்புக் கிடைக்கும்.

இந்தத் துப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு 2024 மே மாதம் ஒரு சான்று. பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் ஏலூர், எடையார் தொழிற்பேட்டைகளை ஒட்டி மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தவர்கள் முதலை இழந்து நின்றனர். பாதாளம் தடுப்பணையின் மதகுகளைத் திறந்தபோது பிராணவாயு குறைந்த நீர் பாய்ந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அம்மோனியாவும் சல்பைடும் மிகுந்திருந்தன என்றது கேரள மீன்வள, கடலியல் பல்கலைக்கழகம். இத்தகைய வழக்குகளில் மணிவாரியான பதிவைவிட நல்ல சாட்சி வேறில்லை. மீன் செத்தபின் மொண்ட நீர், அதற்கு முந்திய இரவின் கதையைச் சொல்லாது.

கருவியே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. சில வாரங்களிலேயே அதன்மேல் பாசி படரும், கொட்டலசு ஒட்டும், அளவு பொய்க்கும். அதற்காகச் செப்புத் தகடு பொருத்துவார்கள், துடைப்பான் வைப்பார்கள். ஆயினும் ஆள் போய்ச் சுத்தம் செய்தே தீரவேண்டும். ஏலத் தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்தையும், நீரில் கலந்த ஈயம், பாதரசத்தையும் இவ்வுணர்கருவிகள் காட்டமாட்டா. அதற்குப் புட்டியும் ஆய்வுக்கூடமும் வேண்டும். எப்போது புட்டியை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும் என்பதைச் சொல்வதே கருவியின் பணி.

நோயாளியின் நாடியை மாதம் ஒருமுறை பார்ப்பவர் நல்ல மருத்துவராகார். நீரும் அப்படியே. கடலில் மட்டுமன்றி ஆற்றின் வழியெங்கும் இத்தகைய கருவிகள் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பிராணவாயு சோதிக்கும் சிறு பெட்டியொன்றைக் கல்லூரியில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். விடியுமுன் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் உங்கள் ஆற்றை அளந்து எழுதி வையுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு, கடலுக்கு நாம் அனுப்பும் நீர் எத்தகையது என்பதை உங்களுக்குச் சொல்லத் தொடங்கும்.