வந்த எறும்பும் வாழ்ந்த எறும்பும்

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிற்று என்பது தமிழரிடையே வழங்கும் பழமொழி. அதன் உண்மையைக் காண விரும்புவோர் எறும்புகளின் உலகை உற்று நோக்கினாற் போதும். காலங்காலமாக ஓரிடத்தில் வாழ்ந்துவந்த எறும்பினங்களைப் புதிதாக வந்திறங்கிய ஓரினம் சில ஆண்டுகளுக்குள் அப்புறப்படுத்திவிடுவது உலகின் பல பாகங்களிலும் நிகழ்ந்திருக்கிறது, இன்றும் நிகழ்கிறது.

எறும்பு கடல் கடப்பது எவ்வாறு? கொழும்பின் வடபால் களனி கங்கை கடலோடு கலக்குமிடம் முகத்துவாரம். அதற்குத் தெற்கே, 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று 1885இல் நிறைவுற்ற அலைதடுப்பு அணையின் பாதுகாப்பிலே, கொழும்புத் துறைமுகம் வளர்ந்தது. இத்தகைய துறைமுகங்களே எறும்புகளுக்கும் வாயில். மரக்கட்டையின் பொந்திலும், பூச்சாடியின் மண்ணிலும், பொதிப்பெட்டியின் இடுக்கிலும் அவை பண்டங்களோடு பண்டமாக வந்து சேர்கின்றன. ஓர் அரசியும் சில வேலைக்கார எறும்புகளும் உயிரோடு கரைசேர்ந்தாற் போதும். ஒரு குடியேற்றம் தொடங்கிவிடும்.

இது புதிய செய்தியன்று. இலங்கையிலும் காணப்படும் வெப்பமண்டல நெருப்பெறும்பின் தாயகம் அமெரிக்கா. பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவிலிருந்து மணிலாவுக்குச் சென்ற ஸ்பானியக் கப்பல்களே அதனைக் கீழைநாடுகளுக்குக் கொணர்ந்தன என்பதை, 2015இல் வெளியான மரபணு ஆராய்ச்சி எடுத்துக்காட்டிற்று. கப்பல் சாயாதிருக்க அடித்தட்டில் ஏற்றிய மண்ணிலே அது பயணம் செய்திருக்க வேண்டும் என்பர்.

வந்த எறும்பு வெல்வதற்குக் காரணம் அதன் மூர்க்கம் என்று பலர் எண்ணுவர். அஃது அவ்வளவு பொருந்தாது. மாமரத்து இலைகளைப் பட்டிழையால் இணைத்துக் கூடமைக்கும் முசுறு இம்மண்ணுக்குரியது. அதன் கடியை அறியாதவர் இலர். கோப்பிச் செடியின் பூச்சிகளை ஒழிக்க முசுறைத் தோட்டங்களில் விட முயன்றதையும், அது தமிழ்த் தொழிலாளரைக் கடித்து வருத்தியதையும் எமேர்சன் தெனன்ற் 1861இல் வெளியான தமது நூலிலே குறித்துள்ளார். இத்தகைய வீரம் வாய்ந்த முசுறுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு மரத்து முசுறும் அயல் மரத்து முசுறும் வெவ்வேறு குடிகளாயின், இனம் ஒன்றேயாயினும் வாசனையால் வேற்றுமை அறிந்து போரிடும். படையின் பெரும் பகுதி எல்லைச் சண்டையிலே செலவாகிறது.

வந்தேறும் எறும்புகளிற் பலவற்றுக்கு இச்சண்டை இல்லை. மஞ்சள் நிறமும் நீண்ட கால்களும் உடையதாய், நிலைகொள்ளாது அங்குமிங்கும் ஓடுவதாற் ‘பித்தெறும்பு’ எனத்தக்க ஓரினம் உண்டு. அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அதன் கூடொன்றில் அரசிகள் பல இருக்கும். அவற்றுட் சில, வேலைக்காரரை உடனழைத்து நடந்தே சென்று, அடுத்த இடத்திற் புதுக்கூடு அமைக்கும். தாய்க்கூடும் சேய்க்கூடும் பகைகொள்வதில்லை. முடிவில் ஒரு காட்டுப்பகுதி முழுவதும் ஒரே குடியாகிவிடும். ஆர்ஜென்டினா எறும்பு எனப்படும் வேறோரினம் தென் ஐரோப்பாவிலே, இத்தாலிமுதல் ஸ்பெயினின் அத்திலாந்திக் கரைவரை ஏறத்தாழ 6,000 கிலோமீற்றருக்கு இவ்வாறு ஒரே குடியாகப் பரந்திருப்பதை 2002இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர்.

இவ்வொற்றுமையோடு இன்னும் இரண்டு அநுகூலங்கள் சேர்கின்றன. ஊர் எறும்புகளுள் இரையை விரைவிற் கண்டுபிடிப்பது ஓரினமாகவும், அதனைப் பறித்துக் காப்பது மற்றோரினமாகவும் இருப்பது வழக்கம்; அதனாற் பல இனங்கள் ஒருங்கு பிழைக்கின்றன. பெருந்தொகையாக அலையும் வந்த எறும்போ இரண்டையும் தானே செய்துவிடுகிறது. பித்தெறும்புக்குக் கொடுக்கு இல்லை. ஆயினும் அது பீச்சும் போமிக் அமிலம் எதிரியின் கண்ணையும் உடலையும் தாக்கும். அடுத்தது உணவு. செடியின் சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகள் இனிய கசிவை வெளிவிடும். எறும்பு அப்பூச்சிகளைப் பகைவரிடமிருந்து காத்து, அக்கசிவை உண்கிறது. பூச்சி பெருக எறும்பு பெருகும். எறும்பு பெருகப் பூச்சியும் பெருகும்.

ஜாவாவுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்திலுள்ள கிறிஸ்மஸ் தீவு இதன் விளைவைக் கண்டது. 1989இல் அங்கு பித்தெறும்பின் பெருங்குடி முதன்முதலாக அறியப்பட்டது. பின்னர் ஒரு கோடிக்கு மேற்பட்ட செந்நண்டுகள் மடிந்தன எனக் கணித்துள்ளனர். நஞ்சிட்டும் எறும்பு ஒழியவில்லை. ஆதலின் 2016 டிசம்பரில், மலேசியாவிலிருந்து ஒரு நுண்ணிய குளவி கொண்டுவந்து விடப்பட்டது. அக்குளவி எறும்பைத் தீண்டாது, செதிற்பூச்சியை அழிக்கும். உணவின் ஊற்றை அடைத்துப் படையைத் தளர்த்துவதே நோக்கம்.

தமிழ்நாட்டிலே, திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலையை அடுத்த கிராமங்களில் 2022இல் இவ்வெறும்பு பெருகியது. ஆடு மாடுகளின் கண்களைத் தாக்குவதாகவும், காட்டிலே மேய்ச்சலுக்குச் செல்ல இயலவில்லை என்றும் மக்கள் முறையிட்டனர். இலங்கையிலும் இவ்வெறும்பு உண்டு.

இலங்கைக்கு இதனால் நேரக்கூடிய இழப்பு சிறிதன்று. அனியூரெற்றஸ் சிமோனி என்னும் பொன்மஞ்சள் நிறச் சிற்றெறும்பு 1893இல் விஞ்ஞானிகளால் விவரிக்கப்பட்டது. ஓர் உபகுடும்பம் முழுவதிலும் உயிரோடு எஞ்சியிருப்பது இவ்வோர் இனமே. அதன் உறவினங்களெல்லாம் பாறையிலும் பழம்பிசினிலும் சுவடுகளாக மட்டுமே காணப்படுகின்றன. 1955இல் அமெரிக்க விஞ்ஞானி எட்வேட் வில்சன் கண்டி உடவத்தைக் காட்டிலே இதனைத் தேடிக் காணாது, பின்னர் இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டிற் கண்டார். உக்கிய மரத்துண்டுகளில் நூறளவான எறும்புகளே கொண்ட சிறு குடிகளாக இது வாழ்கிறது. காடழிவதே இதற்கு முதற் பகை. ஆனால் வெட்டித் திறந்த நிலத்திலே முந்திக் குடியேறுவன அலையும் எறும்புகளே. நூறு பேர் வாழும் குடி, எண்ணிலாப் படையோடு எங்ஙனம் போட்டியிடும்?

செய்யத்தக்கன சில உண்டு. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம், தாவரங்களுக்குக் கேடு செய்யும் உயிர்கள் நாட்டினுள் நுழைவதைத் தடுக்க வகைசெய்கிறது. பொதுமக்களும் வெளிநாட்டிலிருந்து மண்ணோடு செடி கொணர்வதைத் தவிர்த்தல் வேண்டும். நாற்றுச் சாடியை ஓரூரிலிருந்து மற்றோரூருக்குக் கொண்டுசெல்வோர் அதன் அடியைப் புரட்டிப் பார்த்தல் நன்று. வீட்டு முற்றத்தில் எறும்பு எதுவாயினும் நஞ்சு தெளிப்பது அறிவுடைமையன்று. ஊர் எறும்பு ஒழிந்த இடம், வரும் எறும்புக்கு வெற்றிடமாகும். இலங்கைக்கு வெளியே எங்குமில்லாத ஓருயிரை இழந்தபின், அதனை எந்த நாட்டிலிருந்தும் மீளத் தருவிக்க இயலாது.