பழைய வாசலும் புதிய பிரயாணியும்

நமது புகையிரத நிலையங்களைப் புதுப்பிக்கும் வேளையிற் சிந்திக்க வேண்டியவை

ஹெந்தளைக்குக் கால்வாய் உண்டு, கடலும் உண்டு, புகையிரதப் பாதை மட்டும் இல்லை. ஆயினும் ஹெந்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய மூன்று இடத்து மக்களுக்கும் பொதுவான வாசல் ஒன்று இருக்கின்றது. அதுவே கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையம். யாழ்ப்பாணம் செல்வோரும், மட்டக்களப்புச் செல்வோரும், பதுளைக்குப் பயணமாவோரும் அந்த வாசலிலே நின்றுதான் உற்றாரிடம் விடைபெறுகின்றனர். பல்கலைக்கழகத்துக்கு முதன்முறையாகப் புறப்படும் மாணவனும், பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லும் பாட்டியும் அங்கே ஒரே மேடையிற் காத்திருக்கின்றனர். ஒரு நகரத்தின் முகத்தை அதன் மாளிகைகளிற் காண்பதிலும் பார்க்க அதன் புகையிரத நிலையத்திற் காண்பது எளிது.

அந்த முகத்துக்கு வயதாகிவிட்டது. அதனைக் கழுவித் துடைத்துப் பொலிவூட்டுவதா, அன்றி வேறு முகமே வைத்துவிடுவதா என்பதுதான் இன்றுள்ள கேள்வி.

நிலையங்கள் வந்த கதை

இலங்கையிற் புகையிரதம் பிரயாணிகளுக்காகப் பிறந்ததன்று, கோப்பிக்காகப் பிறந்தது. மலைநாட்டுக் கோப்பியை மாட்டுவண்டியிற் கொண்டுவந்து துறைமுகத்திற் சேர்க்கப் பல நாட்கள் பிடித்தன. ஆகவே 1858-ம் ஆண்டு தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் புகையிரதப் பாதைக்கு முதல் மண்ணை வெட்டினார். 1864 டிசெம்பர் 27-ம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை, ஏறத்தாழ 34 மைல் தூரம், முதலாவது வண்டி ஓடியது. 1867-ல் அது கண்டியை எட்டியது. 1877-ல் கரையோரப் பாதை பாணந்துறைக்குச் சென்றது. 1905-ல் வடக்குப் பாதை காங்கேசன்துறை வரை பூர்த்தியாயிற்று. 1924-ல் மலைநாட்டுப் பாதை பதுளையில் முடிந்தது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்த பின்னரும் புகையிரதம் நிலைத்து நின்றது.

தொடக்கத்தில் கொழும்பின் பிரதான நிலையம் மருதானைக்கு அண்மையில் இருந்தது. ‘டேர்மினஸ்’ என்று வழங்கிய அந்தப் பழைய நிலையத்திற் பிற்காலத்தில், 2009-ல், ஒரு புகையிரத நூதனசாலை அமைந்தது. 2014-ல் அது கடுகண்ணாவைக்கு மாறியது. 1917-ல் இன்றைய கோட்டை நிலையம் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலுள்ள விக்டோரியா நிலையத்தை மாதிரியாகக் கொண்டு அது கட்டப்பட்டது என்பர்.

தமிழர்க்கு இந்நிலையத்தோடு தனிப்பட்ட ஓர் உறவும் உண்டு. 1914-ல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. கொழும்பிலே வண்டி ஏறியவர், கடலைக் கப்பலிற் கடந்து, மறுகரையில் வேறு வண்டி ஏறிச் சென்னை எழும்பூரில் இறங்கலாம். ‘போட் மெயில்’ என்ற பெயரை இன்றும் முதியோர் மறந்திலர். 1964 டிசெம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்கே நிலையத்தின் சிதைந்த சுவர்களே எஞ்சின. ஆயினும் பயணத்தின் இரு முனைகளான கோட்டையும் எழும்பூரும் இன்றும் நிற்கின்றன. இரண்டையும் எவ்வாறு புதுப்பிப்பது என்ற வினாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்துள்ளது.

இடித்துவிட்டால் என்ன?

“பழைய கட்டடம் என்று ஏன் புலம்புகிறீர்கள்? படியேற முடியாத முதியவரைப் பாருங்கள். மலசலகூடத்தின் நாற்றத்தைப் பாருங்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?” என்று கேட்போர் உளர். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. பழைமையைப் போற்றுவோர் பலர், தாம் அன்றாடம் புகையிரதத்தில் நெருக்குண்டு பிரயாணம் செய்யாதவர்களே. முழங்கால் வலியோடு மேம்பாலத்தின் படிகளில் ஏறி இறங்கும் ஒருவருக்கு நூறாண்டு பழைமையான இரும்புத் தூணின் அழகைப் பற்றி உபதேசிப்பது நியாயமாகாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும், கண்பார்வை அற்றவருக்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் நிலையம் வழிவிட வேண்டும். அழகு அதன் பின்னர்தான்.

ஆனால் இடித்துக் கட்டியவர்களின் அனுபவமும் நமக்கு முன்னே இருக்கின்றது. அமெரிக்காவின் நியூயோர்க் நகரிற் பென்சில்வேனியா நிலையம் என்ற பெருங்கட்டடத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பிரயாணிகள் நிலத்துக்கு அடியிலுள்ள தாழ்ந்த கூடங்களில் நடக்க வேண்டியதாயிற்று. நகர மக்களின் மனவருத்தம் பெரிதாயிருந்தது. 1965-ல் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டமொன்று அந்நகரிற் பிறந்தது. இழந்த பின்னரே அதன் அருமை தெரிந்தது.

லண்டன் மக்கள் சற்று முன்னதாக விழித்துக்கொண்டனர். 1868-ல் திறக்கப்பட்ட செயின்ட் பாங்க்ராஸ் நிலையமும் ஒரு காலத்தில் இடிபடும் ஆபத்தில் இருந்தது. கவிஞர் ஜோன் பெட்ஜமன் முதலானோர் குரல் கொடுக்கவே, 1967-ல் அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அதன் மேடைகளுக்குக் கீழே, முன்னாளிற் பியர்ப் பீப்பாய்கள் அடுக்கிவைத்த நிலவறை ஒன்று உண்டு. பீப்பாய்களின் அளவைக் கணக்கிட்டே அதன் தூண்கள் நாட்டப்பட்டிருந்தன. 2007-ல் நிலையம் புதுப்பிக்கப்பட்டபோது அந்த நிலவறையே ஐரோப்பாவுக்குச் செல்லும் பிரயாணிகளின் கூடமாக மாறியது. பழைய அறைக்குப் புதிய வேலை கொடுத்தார்கள், அறை பிழைத்தது.

மாதிரி நிலையம் காட்டிய வழி

நமது கோட்டை நிலையத்துக்கு மாதிரியெனப்படும் மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தின் கதை இன்னும் பொருத்தமானது. 2009-ல் பிரித்தானியாவின் மிக மோசமான பத்து நிலையங்களில் ஒன்றென அது இகழப்பட்டது. கூரை ஒழுகியது, மேடைகள் இருண்டு கிடந்தன. பின்னர் ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் பவுண் செலவிற் பணிகள் நடைபெற்று, 2015-ல் நிலையம் புதுப்பொலிவு பெற்றது. ஒளி ஊடுருவும் புதிய கூரை ஒன்றை நிலையத்தின் மேல் விரித்தார்கள். ஆனால் 1909-ம் ஆண்டு முகப்பை இடிக்கவில்லை. சுவரிலே பளிங்கோடுகளாற் பதிக்கப்பட்ட பழைய பாதைகளின் வரைபடத்தைச் செப்பனிட்டு, அதே இடத்தில் விட்டுவைத்தார்கள். பழையது பழையதாகவும் புதியது புதியதாகவும் அருகருகே நிற்கின்றன. எந்த ஒன்றும் மற்றொன்றைப் போல் வேடமிடவில்லை.

இதுவே இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட நெறி. 1964-ல் வெனிஸ் நகரிற் கூடிய கட்டடக்கலை நிபுணர்கள் வகுத்த சாசனம், பழைய கட்டடத்தில் புதிதாகச் சேர்க்கும் பகுதி அதனோடு இசைந்திருத்தல் வேண்டும். அதேவேளை புதியதென்று இனங்காணக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது.

போட் மெயிலின் மறுமுனையான எழும்பூரிலும் இதே முயற்சி நடைபெறுகின்றது. ஹென்றி இர்வின், ஈ. சி. பேர்ட் ஆகியோரின் வரைபடப்படி, சாமிநாத பிள்ளை என்ற ஒப்பந்தக்காரர் கட்டிமுடித்த அந்நிலையம் 1908-ல் திறக்கப்பட்டது. செங்கல்லும் வெண்மையும் கலந்த அதன் குவிமாடங்களைச் சென்னை சென்று வந்தோர் அறிவர். 2022 மே மாதத்தில் ஏறத்தாழ 735 கோடி இந்திய ரூபா மதிப்பீட்டில் அங்கே திருப்பணிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய முகப்பை வைத்துக்கொண்டு, பெருகும் கூட்டத்துக்கு வேண்டிய இடவசதியைப் புதிய கட்டடங்களில் அமைப்பதே அத்திட்டத்தின் நோக்கம்.

சுவருக்கும் மூச்சு உண்டு

புதுப்பித்தல் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன சீமெந்தும் வர்ணமுமே. இங்கேதான் பெருந்தவறு நிகழ்கின்றது. பழைய நிலையங்களின் செங்கற் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டப்பட்டவை. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் அதனை வெளியே விடும். அதன்மேல் சீமெந்துப் பூச்சைப் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். அதனோடு உப்பும் சேர்ந்து செங்கல்லைப் பொடியாக்கும். வெள்ளவத்தை போன்று கடற்காற்று நேரே முகத்தில் மோதும் நிலையங்களில் இச்சேதம் விரைவாக வரும். பார்வைக்குப் புதிய சுவர், உள்ளே உக்கிய சுவர்!

மேடையை உயர்த்துவதும் அவ்வாறே. வண்டியின் தளத்துக்கு மேடை சமமாக இருத்தல் வேண்டும். முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் அது இன்றியமையாதது. ஆனால் பழைய இரும்புத் தூண்களின் அடியைக் கொங்கிரீட்டால் மூடிவிட்டால் அங்கே நீர் தேங்கித் துரு ஏறும். சில நிலையங்களிற் கூரையில் விழும் மழைநீர் உட்குழிவான தூண்களின் வழியாகவே இறங்குகின்றது; அவ்வழி அடைபட்டால் தூண் உள்ளிருந்தே அரிபடும். ஆகவே தூணைச் சுற்றி இடம்விட்டு, நீரோட வழிசெய்து மேடையை உயர்த்த வேண்டும். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை, முன்யோசனை போதும்.

உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், சரிந்த பலகைகள் பொருத்திய சன்னல் ஆகியன வெறும் அலங்காரங்களல்ல. மின்விசிறி இல்லாத காலத்தில் வெப்பத்தைத் தணிக்கக் கண்ட உபாயங்கள் அவை. அவற்றை அடைத்துப் பொய்க்கூரை போட்டு, பின்னர் குளிர்சாதனப் பெட்டி பூட்டுவது இருமுறை செலவு செய்வதாகும்.

மருதானையில் ஒரு தொடக்கம்

2025 செப்டெம்பர் 15-ம் திகதி, ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு இணைந்து, 100 புகையிரத நிலையங்களை நவீனமாக்கும் ‘ட்ரீம் டெஸ்டினேஷன்’ என்னும் வேலைத்திட்டம் மருதானை நிலையத்தில் ஆரம்பித்துவைக்கப்பட்டது. இதற்குத் தனியார் துறையின் பங்களிப்பும் நாடப்பட்டது. நிலையங்களின் பழைமைச் சிறப்பைக் காத்துக்கொண்டே வசதிகளைப் பெருக்குவது நோக்கமெனக் கூறப்பட்டது. நோக்கம் நன்று.

ஆயினும் மூன்று மாதங்களுக்குள் டித்வா சூறாவளி வந்தது. 2025 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையும் மண்சரிவுகளும் மலைநாட்டுப் புகையிரதப் பாதையைப் பெரிதும் குலைத்தன. பாதையே உடைந்து கிடக்கும்போது நிலையத்துக்கு அழகு செய்வதா என்ற கேள்வி இயல்பானதே. பாதைதான் முதல், ஐயமில்லை. ஆனால் பணம் குறைந்த காலத்திலேதான், உள்ளதைப் பழுதுபார்த்துப் பயன்கொள்ளும் வழி இடித்துக் கட்டும் வழியினும் மேலானதாகும்.

தனியார் பணம் வரும்போது மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். நிலையத்தின் பெயரை விட விளம்பரத்தின் பெயர் பெரிதாகக்கூடாது. மூன்று மொழிகளிலும் தெளிவான பெயர்ப்பலகை, மழைக்கு ஒதுங்க இடம், சுத்தமான மலசலகூடம், மின்தூக்கி, குடிநீர் ஆகியவற்றுக்கே முதலிடம். முகப்பை மறைக்கும் பலகைகளுக்கு ஓரிடமும் வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1940-ம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பெரும்பாலும் 1815-க்கு முற்பட்ட சின்னங்களைக் கருத்திற் கொண்டது. அதற்குப் பிற்பட்ட கட்டடங்களைக் காப்பதற்குத் தனித்தனியே வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். நமது நிலையங்கள் யாவும் 1864-க்குப் பிற்பட்டவை. எனவே பழைமையானது என்ற காரணம் மாத்திரம் ஒரு நிலையத்தைக் காப்பாற்றிவிடாது. அதனைக் காக்க யாரேனும் கேட்க வேண்டும்.

கல்லுக்குள் இருக்கும் நினைவு

1990 ஜூனில் யாழ் தேவி நின்றது. யாழ்ப்பாண நிலையம் போரிற் சிதைந்து, கூரையற்று, கொடி படர்ந்து கிடந்தது. 2014 ஒக்டோபர் 13-ம் திகதி மீண்டும் வண்டி அங்கே வந்தபோது அதனைப் பார்க்கத் திரண்ட மக்களிற் பலர் பிரயாணிகளல்லர். இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் அதே இடத்தில் அதே சத்தத்தைக் கேட்க வந்தவர்கள். நிலையம் என்பது கல்லும் இரும்பும் மாத்திரமன்று என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

மாணவர்கள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. உங்களுக்கு அண்மையிலுள்ள நிலையத்துக்கு, அது ஹுணுப்பிட்டியாயினும் வெள்ளவத்தையாயினும், நிலைய அதிபரின் அனுமதியோடு ஒருநாட் செல்லுங்கள். தூண்களையும் சன்னல்களையும் வரைந்துகொள்ளுங்கள். எங்கே படி இடறுகின்றது, எங்கே நீர் தேங்குகின்றது, எங்கே முதியவர் தடுமாறுகின்றார் என்பதையும் அதே தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருங்கே பார்க்கப் பழகிய கண்கள்தாம் நாளைய பொறியியலாளருக்கு வேண்டும். அத்தகைய தாள்கள் பல சேர்ந்தால், புதுப்பிக்க வருவோரிடம் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடலாகாது என்று ஊரவர் தாமே எடுத்துரைக்கலாம்.