உங்களுக்குத் தெரியுமா? கார்க் திருகியில் இத்தனை கூத்தா!

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள்! பாட்டில் கார்க்கைப் பிடுங்கும் திருகிக்கோ ஐந்தாறு வளைவே போதும். அந்த ஐந்தாறுக்குப் பின்னால் 300 வருஷத்துக்கு மேல் சரித்திரம்!

★ இது முதலில் பாட்டில் சாமானே இல்லை! துப்பாக்கிக் குழலுக்குள் சிக்கிய குண்டையும் துணியையும் இழுக்கப் பட்டாளத்தார் வைத்திருந்த இரும்புத் திருகு. 1681-லேயே அது பாட்டில் வாய்க்கு வந்தாயிற்று!

★ திருகிக்கு முதல் காப்புரிமை வாங்கியது யார்? ஒரு பாதிரியார்! இங்கிலாந்தின் சாமுவேல் ஹென்ஷால், 1795. அதைத் தயாரிக்கக் கைகோத்தவர், நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன்!

★ 1802. பர்மிங்காமின் எட்வர்ட் தாமசன் செய்தது பக்கா மெஷின். ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். திருகு இறங்கும், கார்க் தானாக ஏறி வெளியே வரும். இழுக்கவே வேண்டாம்!

★ பழைய திருகிகளின் கைப்பிடியில் ஒரு குட்டி பிரஷ் இருக்கும். பாட்டில் கழுத்துத் தூசியைத் தட்ட! அந்த முடி உதிராமல் இருந்தால் சேகரிப்பவர்களுக்குக் கொண்டாட்டம், விலையும் ஜிவ்வென்று ஏறும்!

★ ஹோட்டல் சர்வர் பையில் மடக்கி வைத்திருக்கிறாரே, அந்தத் திருகி 1882-இல் ஜெர்மனியின் கார்ல் வீன்கே கண்டுபிடித்தது. 140 வருஷம் தாண்டியும் ஓய்வே இல்லை!

★ 1979-இல் வந்த ‘ஸ்க்ரூபுல்’ திருகியை உருவாக்கிய ஹெர்பர்ட் ஆலன், எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகள் செய்த அமெரிக்க எஞ்சினியர். பூமியைத் துளைத்த மூளை, கார்க்கையும் துளைத்தது!

★ திருகிப் பைத்தியங்களுக்கென்றே சங்கம் உண்டு! 1974-இல் தொடங்கியது. அந்த வருஷம் கிடைத்ததில் தலைசிறந்த ஆறு திருகிகளை உறுப்பினர்கள் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். ஏழாவதுக்கு இடமில்லை!

★ பிரான்சின் மெனெர்ப் கிராமத்தில் திருகிகளுக்கென்றே ஒரு மியூசியம். உள்ளே 1,000-க்கும் மேல்! அது ஜுஜுபி. ருமேனியாவில் ஒரே ஆள் சேர்த்தது 20,000-க்கும் மேல்!

★ இனிதான் நம்ம ஊர் சரக்கு! திருகியும் வேண்டாம், கார்க்கும் வேண்டாம் என்று 1872-இல் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார் ஹைரம் காட். அவர் முன்பு எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? கார்க் விற்கிற கம்பெனியில்!

★ கோலிக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் உடைத்துத் தீர்த்த பாட்டில்கள் அவை. தப்பிப் பிழைத்தவற்றை இங்கிலாந்தில் அலமாரிக்குள் பூட்டிப் பாதுகாக்கிறார்கள். நாமோ பெட்டிக்கடையில் கட்டைவிரலால் ‘டப்’பென்று அமுக்கி, பன்னீர் சோடா குடிக்கிறோம்!