கடல் கடந்தோரும் காலக் கெடுவும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

வருமான வரிப் பாடத்தைத் திறந்தவுடன் நாம் முதலில் சந்திப்பது வசிப்பிடம் பற்றிய விதியாகும். ஓர் ஆண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கியவர் இங்கே வசிப்பவர். வெளிநாடு சென்று வேலை பார்த்து 'வசிக்காதவர்' ஆகிவிட்டால், அங்கே ஈட்டிய சம்பளத்தின் மீது இந்திய அரசு பொதுவாகக் கை வைப்பதில்லை. இதைப் படித்த பழக்கத்தில் உலகெங்கும் இப்படித்தான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டமோ வேறு வழியில் செல்கிறது.

அங்கே வரிக்கு அடிப்படை வசிப்பிடம் மட்டுமன்று, குடியுரிமையும்தான். அமெரிக்கக் குடிமகன் ஒருவன் நைரோபியில் ஆசிரியராக இருந்தாலும், டோக்கியோவில் கடை வைத்திருந்தாலும், உலகில் எங்கு ஈட்டிய வருமானத்துக்கும் வாஷிங்டனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். குடியுரிமையைப் பிடித்துக்கொண்டு வரி கேட்கும் நாடுகள் மிக அரியன. எரித்திரியாவை இன்னொரு சான்றாகச் சொல்வர்.

இவ்வழக்கம் 1860களில் நடந்த உள்நாட்டுப் போரின்போது பிறந்தது. போர்ச் செலவுக்காக விதிக்கப்பட்ட வரி, அயல்நாட்டில் வாழ்ந்த குடிமக்களையும் விடவில்லை. பின்னர் 1913இல் அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தத்தால் வருமான வரி நிலைபெற்றபோது இக்கொள்கையும் உடன் வந்தது. மெக்சிகோ நகரில் நிலையாகக் குடியிருந்த குக் என்னும் அமெரிக்கர், மெக்சிகோவில் உள்ள சொத்தின் வருமானத்துக்கு அமெரிக்கா எப்படி வரி கேட்கலாம் என்று வழக்காடினார். குடிமகன் எங்கிருந்தாலும் அரசின் காப்பு அவனுக்கு உண்டு, ஆகவே வரியும் உண்டு என்று 1924இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமா என்பது நம் வகுப்பில் விவாதத்துக்கு உரியது. ஆனால் இன்றுவரை அதுவே சட்டம்.

ஏப்ரல் 15இன் சிக்கல்

அமெரிக்காவின் வரி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் அடுத்த ஏப்ரல் 15. (1954ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் இது மார்ச் 15ஆக இருந்தது.) உள்நாட்டில் இருப்பவருக்கு இது போதுமான காலமே. சம்பளம் கொடுத்த நிறுவனமும் வட்டி கொடுத்த வங்கியும் ஆண்டு பிறந்த சில வாரங்களில் சான்றுகளை அனுப்பிவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர் நிலையை நோக்குவோம். இலண்டனில் வேலை பார்க்கும் அமெரிக்கருக்கு அந்நாட்டு வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடிகிறது. சென்னையில் இருப்பவருக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஆகவே அவர் அமெரிக்காவுக்குக் கணக்கு எழுத, ஓர் இந்திய ஆண்டின் கடைசி மூன்று மாதங்களையும் அடுத்த இந்திய ஆண்டின் முதல் ஒன்பது மாதங்களையும் வெட்டி ஒட்ட வேண்டும். சம்பளத்தில் பிடித்த வரிக்கு இந்திய நிறுவனம் தரும் சான்றிதழ் ஜூன் மாதத்தில்தான் கைக்கு வரும். இங்கே எவ்வளவு வரி கட்டினோம் என்று தெரியாமல், அதை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்வது எப்படி? போதாக்குறைக்கு ரூபாயை எல்லாம் டாலராக மாற்றிக் காட்ட வேண்டும்.

இத்தொல்லையை உணர்ந்தே சட்டம் படிப்படியாக அவகாசம் தருகிறது.

கேளாமல் கிடைக்கும் இரண்டு மாதம்

முதற்படி ஜூன் 15. ஏப்ரல் 15 அன்று ஒருவரின் வாழ்விடமும் முக்கியமான பணியிடமும் அமெரிக்காவுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் வெளியே இருக்குமானால், இரண்டு மாத அவகாசம் தானாகவே கிடைக்கும். வெளிநாட்டில் கடமையாற்றும் படைவீரர்களுக்கும் இது உண்டு. விண்ணப்பம் வேண்டுவதில்லை. எந்தத் தகுதியால் இச்சலுகையைக் கொள்கிறோம் என்று ஒரு குறிப்பு எழுதிக் கணக்குடன் இணைத்தால் போதும். கணவனும் மனைவியும் கூட்டாகத் தாக்கல் செய்தால் இருவரில் ஒருவர் தகுதி பெற்றிருப்பதே போதுமானது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஏப்ரல் 15 அன்று பாரிசுக்குச் சுற்றுலா சென்றிருந்தவருக்கு இது கிடைக்காது. பாரிசிலேயே வாழ்ந்து வேலை பார்ப்பவர் அந்த வாரம் விடுமுறைக்கு ஊர் திரும்பியிருந்தாலும் அவருக்குக் கிடைக்கும். அன்று உடல் எங்கே இருந்தது என்பதன்று கேள்வி. வாழ்வும் தொழிலும் எங்கே என்பதே.

ஜூனும் போதாதென்றால் 4868 என்னும் எண்ணுள்ள படிவத்தை ஜூன் 15க்குள் அனுப்பி அக்டோபர் 15 வரை நீட்டிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டவேண்டிய வரியைத் தெரிந்த மட்டில் மதிப்பிட்டு எழுத வேண்டும், அவ்வளவே.

அவகாசம் தாளுக்கா, பணத்துக்கா?

பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். நீட்டிப்பு என்பது கணக்கை ஒப்படைப்பதற்கான நீட்டிப்பு. வரிப் பணத்துக்கான வட்டியோ ஏப்ரல் 15 முடிந்ததுமே ஓடத் தொடங்கிவிடுகிறது. வெளிநாட்டில் இருப்பவர்க்கு ஜூன் 15 வரை தாமத அபராதம் இல்லை, ஆனால் வட்டி உண்டு. 4868 படிவமோ பணம் கட்டும் நாளை ஒரு நாள்கூடத் தள்ளுவதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 2024ஆம் ஆண்டுக்கு 2,000 டாலர் வரி கட்ட வேண்டும் என்று கொள்வோம். 2025இல் அமெரிக்க வரித்துறையின் வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம், நாள்தோறும் கூட்டு வட்டி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 15 வரை 61 நாட்களுக்கு 23 டாலருக்குச் சற்று மேல் வரும். தாங்கக்கூடியதே. அதன் பின் வரி நிலுவைக்கான அபராதம் மாதத்துக்கு அரை சதவீதம், அதாவது 10 டாலர். ஆனால் அவர் நீட்டிப்பும் கேளாமல் கணக்கையும் அனுப்பாமல் இருந்துவிட்டால், கணக்குத் தராத குற்றத்தையும் சேர்த்து மாதத்துக்கு 5 சதவீதம், 100 டாலர். கணக்குத் தராமைக்கான அபராதம் இப்படி ஐந்து மாதங்கள் ஏறும். கையில் பணமில்லை என்பதற்காகக் கணக்கையே அனுப்பாமல் இருப்பவர் பத்துக்குப் பதில் நூறைத் தேடிக்கொள்கிறார். பணமில்லாவிட்டாலும் தாளை அனுப்புவதே அறிவுடைமை. பணம் இருப்பவர் ஏப்ரலிலேயே ஒரு மதிப்பீட்டுத் தொகையைக் கட்டிவிட்டு, கணக்கைப் பொறுமையாக எழுதலாம்.

330 நாள் காத்திருப்பு

உண்மையில் வெளிநாட்டில் வாழும் பலர் முடிவில் வரியே கட்டுவதில்லை. அயல்நாட்டில் உழைத்து ஈட்டிய வருமானத்தில் 2024ஆம் ஆண்டுக்கு 1,26,500 டாலர் வரையிலும், 2025ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரையிலும் விலக்குப் பெறலாம். ஆயினும் அவ்விலக்குத் தானாக வருவதில்லை. கணக்குத் தாக்கல் செய்து கேட்டுப் பெற வேண்டும். 'வரி இல்லை, ஆகவே கணக்கும் இல்லை' என்று இருந்தவரை வரித்துறையே முதலில் கண்டுபிடித்தால், அந்த விலக்கையே இழக்க நேரலாம்.

விலக்குக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, ஒரு முழு வரி ஆண்டையும் உள்ளடக்கி அயல்நாட்டில் மெய்யாகவே குடியிருத்தல். மற்றொன்று, தொடர்ந்த 12 மாதங்களில் 330 முழு நாட்கள் அயல்நாட்டில் இருத்தல். 2024 அக்டோபர் 1 அன்று சென்னைக்கு வந்து இறங்கிய ஓர் அமெரிக்கரை எடுத்துக்கொள்வோம். முதல் முழு நாள் அக்டோபர் 2. இடையில் ஊருக்குப் போகாமல் இருந்தால் 330ஆவது நாள் 2025 ஆகஸ்டு 27. அதற்கு முன்னரே கணக்கு எழுதினால் இன்னும் பெறாத தகுதியை அவர் கோர முடியாது.

இவருக்கென்றே 2350 என்னும் தனிப் படிவம் இருக்கிறது. தகுதி பெறும் நாளைக் குறித்து விண்ணப்பித்தால், பொதுவாக அந்நாளுக்குப் பின் 30 நாள் வரை, இவர் விஷயத்தில் செப்டம்பர் 26 வரை, காலம் தருவார்கள். 4868ஐப் போலன்றி இதற்குத் துறையின் ஒப்புதல் வர வேண்டும்.

நம் வீடுகளில்

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் தம் உறவினரை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அண்ணன்மார் இல்லாத தெருக்கள் இன்று தமிழகத்தில் குறைந்து வருகின்றன. கிரீன் கார்டு பெற்றுவிட்டு, பெற்றோரைக் கவனிக்க ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். அட்டையை முறைப்படி ஒப்படைக்காத வரை அவர்களும் பொதுவாக அமெரிக்க வரிக்கு உட்பட்டவர்களே; அட்டையின் காலம் முடிந்துவிட்டதென்பது விடுதலை ஆகாது. ஜூன் 15 அவகாசம் இவர்களுக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. இத்தகையவர் அம்மாவுடன் சேர்ந்து உள்ளூர் வங்கியில் வைத்திருக்கும் கூட்டுக் கணக்கும், பிற அயல்நாட்டுக் கணக்குகளும் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், தனி அறிக்கை ஒன்றைக் கருவூலத் துறைக்கு அனுப்ப வேண்டும். இதற்கும் கெடு ஏப்ரல் 15தான். கேளாமலேயே அக்டோபர் 15 வரை நீளும்.

வரிக் கணக்கை அஞ்சலில் அனுப்புவோர் ஒன்றை மறக்கலாகாது. அது போய்ச் சேரும் நாளைவிட, உறையின் மேல் விழுந்த அதிகாரபூர்வ அஞ்சல் முத்திரையின் நாளே கணக்கில் கொள்ளப்படும். வெளிநாட்டு அஞ்சலகத்தின் முத்திரையும் செல்லும். ஆகவே முத்திரை தெளிவாக விழுந்ததா என்று அஞ்சலகத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

அக்டோபர் 15க்குள்ளும் முடியாதவர்க்கு ஒரு வாசல் எஞ்சியிருக்கிறது. 2350 வழியாக நீட்டிப்புப் பெறாத வெளிநாட்டுவாசிகள், அந்நாளுக்குள் காரணத்தை விளக்கிக் கடிதம் எழுதி டிசம்பர் 15 வரை இன்னும் இரண்டு மாதம் கேட்கலாம். இதற்குப் படிவம் இல்லை. தருவதும் மறுப்பதும் துறையின் விருப்பம். தந்தால் பதில் வராது; மறுத்தால் மட்டுமே கடிதம் வரும்.