மீண்டும் மோட்டார்ச் சைக்கிளில்

இளமையிற் பழகியது முதுமையிலும் கைவிடாது என்பர். நீந்துதற்கும் சைக்கிளோட்டுதற்கும் இக்கூற்றுப் பொருந்தும்; மோட்டார்ச் சைக்கிளுக்கோ பாதியளவே பொருந்தும். மற்றப் பாதியை யான் வேலியில் விழுந்தே கற்றேன். ஓய்வுபெற்றபின் மீண்டும் வண்டியேற விரும்பும் பழைய மாணவர்க்கு அவ்வரலாறு பயன்படக்கூடும்.

யான் பழகியது தந்தையாரின் பி.எஸ்.ஏ. பன்ரம் வண்டியில். அக்காலப் பிரித்தானிய வண்டிகளிற் கியர் வலக்காலுக்கும் பிறேக் இடக்காலுக்கும் உரியனவாயிருந்தன. 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் வண்டியோட்டியோர் பலர். யானோ வண்டியை மூடிவைத்துவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் வாங்கிய புதுவண்டியில் இரண்டும் இடம்மாறியிருந்தன. தன் நாட்டில் விற்கும் வண்டிகளுக்குக் கியர் இடக்காலிலேயே அமைதல் வேண்டுமென ஐக்கிய அமெரிக்கா 1974இல் நடைமுறைப்படுத்திய விதி, காலப்போக்கில் உலக வழக்காயிற்று.

ஒருவாரம் தவறின்றி ஓட்டினேன். எட்டாம் நாள் ஒழுங்கையிலிருந்து பசுக்கன்றொன்று குறுக்கே பாய்ந்தது. சிந்திக்குமுன் என் இடக்கால் அழுந்தியது. வண்டி நிற்கவில்லை, கியரே மாறியது. கன்று தப்பியது, யான் கிளுவை வேலியிற் கிடந்தேன். புதிதாய்க் கற்றது அமைதியான வேளையில் மட்டுமே கைகொடுக்கும். அச்சம் வந்துற்றால் பழைய பழக்கமே முந்திக்கொள்ளும்.

ஆதலால் மீள்வோர் முதலில் வெற்று மைதானத்தில் நிறுத்தப் பழகுதல் வேண்டும். பிறேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்சில்லின்மேற் சாய்கிறது. எனவே நிறுத்தும் வலுவிற் பெரும்பகுதி முன்பிறேக்கினுடையதே. ஆனால் இன்றைய டிஸ்க் பிறேக்கைத் திடீரெனப் பற்றினாற் சில்லு இறுகி வழுக்கும், படிப்படியாகவே அழுத்துக. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் செல்லும். முதுமையால் அரைச் செக்கன் தாமதித்தால் ஐந்தரை மீற்றர் கடந்துவிடும்; முன்செல்லும் வாகனத்திற்கு அவ்வளவேனும் கூடுதலான இடைவெளி விடுக.

நெடுநாள் நின்ற வண்டியாயின் ரயரை நோக்குக. தேயாதிருப்பினும் பழைய இறப்பர் இறுகிப் பிடிப்பிழக்கும். 2000ஆம் ஆண்டுமுதல் ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்படுகின்றன. 2319 எனின் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் ஆக்கப்பட்டது என்பது பொருள்.

பின்னாசனத்தில் ஏற்றிச் செல்லுமாறு பேர்த்தி நாள்தோறும் கேட்கிறாள். மூன்று மாதங்களாக மைதானத்திற் பழகிவருகிறேன். நினையாமலே வலக்கால் பிறேக்கை நாடும் நாள்வரை அவள் காத்திருத்தல் வேண்டும்.