ட்ராக்டருக்கு ஹீட்டர் பூட்டுமுன் வயரையும் பத்திரத்தையும் பாருங்கள்

ஒன்ராறியோவில் சிறு பண்ணை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் குளிர்காலம் தொடங்கியதும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பழைய டீசல் ட்ராக்டர் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் இணையத்தில் மலிவாக ஒரு பிளாக் ஹீட்டரை வாங்குகிறார்கள். வீட்டு விளக்குக்குப் பாவிக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் அதைச் செருகிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். வைக்கோலும் டீசலும் இருக்கும் கொட்டிலில் இதைச் செய்யலாமா?

ஹீட்டர் தேவையான பொருள்தான். டீசல் எஞ்சினில் காற்று அழுத்தப்படும் சூட்டில்தான் எரிபொருள் பற்றுகிறது. உறைந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும், ஒயிலும் தடித்துவிடும். கூலன்டைச் சூடாக்கினால் எஞ்சின் சிரமமின்றிப் பிடிக்கும். ஆனால் அதை ஒழுங்காகப் பூட்ட வேண்டும்.

முதலில் முத்திரையைப் பாருங்கள். கனடாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட முத்திரை இல்லாத மின்பொருளை ஒன்ராறியோவில் விற்பதும் பாவிப்பதும் சட்டப்படி தவறு. சி.எஸ்.ஏ. முத்திரை போதும். யு.எல். முத்திரையானால் வட்டத்தின் இடப்பக்கம் சிறிய 'சி' எழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுங்கள். விற்றவர் மறுத்தால் இ.எஸ்.ஏ. எனப்படும் மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு முறையிடலாம். அதற்குப் பற்றுச்சீட்டும் பொருளின் படமும் கையில் இருக்கட்டும்.

எஞ்சினின் மாடல், தொடர் இலக்கம் இரண்டையும் சொல்லிப் பொருத்தமான ஹீட்டரை வாங்குங்கள். பிளாக்கில் உள்ள ஃப்ரீஸ் பிளக்கைக் கழற்றிப் பூட்டும் வகை நல்லது. அந்த இடத்துக்குக் கை எட்டாத பழைய ட்ராக்டர்களில் ரேடியேட்டரின் கீழ்க் குழாயில் பூட்டும் வகை உதவும். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே கூலன்டை வடியுங்கள். அது நஞ்சு, இனிப்பும்கூட. நாயும் பிள்ளையும் எட்டாத மூடிய கலனில் பிடித்து, நகராட்சியின் அபாயகரக் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள். புதிய கூலன்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 பாகை வரை உறையாது. நிரப்பியபின் எஞ்சினை ஓட்டிக் காற்றை வெளியேற்றி, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் இல்லாமல் ஹீட்டருக்கு மின்சாரம் கொடுத்தால் உடனே கருகிவிடும்.

அடுத்தது வயர். 1000 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 8 அம்பியருக்கு மேல் இழுக்கும். 1500 வாட் ஹீட்டர் 12.5 அம்பியர் இழுக்கும். தொடர்ந்து ஓடும் சுமைக்கு 15 அம்பியர் சுற்றில் 12 அம்பியருக்கு மேல் ஏற்றக்கூடாது, ஆகவே 1500 வாட் ஹீட்டருக்கு அந்தச் சுற்று போதாது. வெளியிடத்துக்கான, மூன்று முனையுள்ள, 12 அல்லது 14 கேஜ் வயரையே வாங்குங்கள். எண் குறையக் குறைய வயர் தடிக்கும். சுருட்டி வைக்காதீர்கள். வைக்கோலுக்கு அடியில் விடாதீர்கள். எலி கடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். மூன்றாவது முனையை வெட்டாதீர்கள். ஹீட்டர் இரவு முழுக்க ஓட வேண்டியதில்லை. பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம் போதும். சுமை தாங்கும் டைமர் ஒன்றைப் பூட்டுங்கள்.

கொட்டிலில் புதிய மின் இணைப்பு தேவையானால் 'தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி'யைக் கூப்பிடாதீர்கள். எலக்ட்ரீஷியன் சான்றிதழ் வேறு, ஒப்பந்தக்காரர் உரிமம் வேறு. கூலிக்கு இந்த வேலையை ஏற்க உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரருக்கே அனுமதி. விலைமதிப்பிலும் வாகனத்திலும் அவருடைய இசிஆர்ஏ/இ.எஸ்.ஏ. உரிம இலக்கம் இருக்க வேண்டும். அதிகாரசபையின் இணையதளத்தில் அதைச் சரிபாருங்கள். வேலை பற்றி இ.எஸ்.ஏ.-க்கு அறிவித்தாரா என்று கேளுங்கள். அறிவித்த இலக்கத்தையும் வேலை முடிந்தபின் சான்றையும் வாங்காமல் கடைசிக் காசைக் கொடுக்காதீர்கள். 'பிறகு தாறன்' என்ற பதிலை ஏற்காதீர்கள். பிரதி ஒன்றைக் காப்புறுதி முகவருக்கு அனுப்பிவையுங்கள். தீப்பிடித்த பிறகு தேடினால் எந்தப் பத்திரமும் கிடைக்காது.

ஹீட்டர் இல்லாத அவசரத்தில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: குளோ பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ உள்ள எஞ்சினில் அதை அடித்தால் வெடிக்கக்கூடும். மூடிய கொட்டிலில் ட்ராக்டரை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைட் ஆளையே கொல்லும்.

மெல்லிய வயர் வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், மெல்லிய வயர் வேண்டாம். தடித்த வயருக்குச் சில பத்து டொலர்தான் கூடச் செலவாகும்.