கள்ளிப்பூச்சி தந்த சிவப்புக் கோட்டு

கனடா நாட்டின் தலைநகர் ஒட்டாவாவில் போர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பழைய சிவப்புக் கோட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கழுத்துப்பட்டிக்குக் கீழே, மார்புப் பக்கம், சின்னதாக ஓர் ஓட்டை. எலி கடித்ததல்ல, துப்பாக்கிக் குண்டு துளைத்தது!

கோட்டுக்குச் சொந்தக்காரர் ஐசக் புரோக். பிரிட்டிஷ் காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்து, ஜெனரல் பதவிவரை உயர்ந்தவர். அவர் கதைக்கு முன், அந்தச் சிவப்பைக் கொஞ்சம் பார்ப்போமா?

அந்தக் காலாட்படையில் சிப்பாய்க்கும் சிவப்பு, அதிகாரிக்கும் சிவப்பு. ஆனால் இருவரையும் பக்கத்தில் நிற்கவைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சிப்பாயின் துணிக்கு மஞ்சிட்டி இனச் செடியின் வேரில் எடுத்த மலிவான சாயம். செங்கல் நிறத்தில் மங்கலாக இருக்கும். அதிகாரியின் துணிக்கோ 'காக்கினீல்' என்ற பூச்சியின் சாயம்! மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் பூச்சி அது. அதைச் சுரண்டி எடுத்து, காயவைத்துப் பொடிப்பார்கள். அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவான பொடிக்குச் சுமார் 70 ஆயிரம் பூச்சிகள் வேண்டும்.

சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இந்தப் பூச்சியை இங்கேயே வளர்த்தால் என்ன என்று நினைத்தார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்! ஆனால் 1795-இல் இந்தியாவுக்கு வந்துசேர்ந்தது மட்ட ரகப் பூச்சி. எதிர்பார்த்த சாயம் கிடைக்கவில்லை. பாவம்!

சாயம் மட்டுமா? அதிகாரியின் தோளில் தங்கக் குஞ்சம், இடுப்பில் கருஞ்சிவப்புப் பட்டுக் கச்சை. எல்லாம் அவரவர் சொந்தச் செலவு. பதவியையே பலர் விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். அந்த வழக்கம் 1871-இல்தான் ஒழிந்தது.

"ரத்தம் தெரியாமலிருக்கத்தானே சார் சிவப்பு?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், சரியல்ல. ரத்தம் காய்ந்தால் சிவப்புத் துணியிலும் கறுப்பாகத் தெரியும். அந்தக் கால வெடிமருந்து புகையாய்க் கக்கும். புகைக்குள் நம் ஆள் யார் என்று கண்டுகொள்ள பளிச்சென்ற நிறம் உதவியது.

நம் ஆளுக்குத் தெரிந்தால் எதிரிக்கும் தெரியுமே!

1812 அக்டோபர் 13. கனடாவின் குயின்ஸ்டன் குன்றில் அமெரிக்கப் படை ஏறிவிட்டது. அதை மீட்க, வீரர்களுக்கு முன்னால் தாமே நடந்தார் புரோக். நல்ல உயரம், தூரத்திலிருந்தே அதிகாரி என்று காட்டிக்கொடுக்கும் கோட்டு. ஓர் அமெரிக்க வீரர் குறிபார்த்துச் சுட்டார். புரோக் அங்கேயே விழுந்தார். வயது 43.

அப்படியும் உடனே சிவப்பைக் கைவிட மனம் வரவில்லை. தோள் குஞ்சம் 1855-இல் போனது. இதற்கிடையே, 1840-களின் பிற்பகுதியில், பெஷாவர் பக்கம் ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரி தம் படைக்கு மண் நிற உடை கொடுத்தார். அதுதான் காக்கி, 'காக்' என்றால் பாரசீக மொழியில் தூசு. சிவப்பணிந்து பிரிட்டிஷ் படை போரிட்ட கடைசி இடம் சூடானில் உள்ள கின்னிஸ். 1885 டிசம்பர் 30. வெளிநாடுகளில் இருந்த படைகளுக்கெல்லாம் 1897-இல் காக்கி வந்தது.

சிவப்பு இன்றும் அணிவகுப்பில் உண்டு. லண்டன் அரண்மனைக் காவலர் படத்தைப் பார்த்தால் பொத்தான்களைக் கவனியுங்கள். சீரான இடைவெளியில் ஒவ்வொன்றாக இருந்தால் கிரெனேடியர் படை, இரண்டிரண்டாக இருந்தால் கோல்ட்ஸ்ட்ரீம், மும்மூன்று ஸ்காட்லாந்து, நான்கு நான்கு அயர்லாந்து, ஐந்தைந்து வேல்ஸ்!